குடும்ப மரமும் நோய் வரலாறும்: கணினியில் தொடங்கும் முறையும் சான்று குறிக்கும் முறையும்

புதிய நோயாளி ஒருவரிடம் மருத்துவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இந்நோய் இருந்ததா?” இக்கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, “பாட்டிக்கு ஏதோ வயிற்றில் கட்டி என்பார்கள்”, “பெரியப்பா திடீரென்று போய்விட்டார்” என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. பாட்டிக்கு எந்த உறுப்பில் கட்டி, எந்த வயதில் கண்டறியப்பட்டது, பெரியப்பா எதனால் இறந்தார், இவற்றை யார் சொல்லி அறிந்தோம் என்ற அடுத்த கேள்விகளுக்கு விடை கிடைப்பதில்லை. சிகிச்சை பற்றிய சில முடிவுகளோ அந்த அடுத்த கேள்விகளையே சார்ந்துள்ளன.

அதனால் நோயாளிகளும் அவர்களைப் பேணும் உறவினரும் தங்கள் குடும்ப மரத்தைக் கணினியில் எவ்வாறு பதியத் தொடங்கலாம் என்பதையும், பதியும் ஒவ்வொரு செய்திக்கும் அது கிடைத்த மூலத்தை எவ்வாறு குறித்துவைக்கலாம் என்பதையும் இவ்விதழில் விளக்குகிறோம். இதற்குக் கணினிப் பயிற்சி மிகுதியாக வேண்டியதில்லை. தமிழில் தட்டச்சு செய்யத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். மருத்துவமனையில் காத்திருக்கும் நேரத்தில்கூட இப்பணியைத் தொடங்கலாம்.

மூன்று தலைமுறை எதற்கு?

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோர் முதல்நிலை உறவினர். இவர்களுக்கும் நமக்கும் இடையே மரபுப்பொருளில் ஏறத்தாழப் பாதி பொதுவானது. தாத்தா, பாட்டி, பெற்றோருடன் பிறந்தோர், பேரப்பிள்ளைகள் ஆகியோர் இரண்டாம்நிலை உறவினர். இவர்களோடு நமக்குப் பொதுவான பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமன், பெரியம்மா, சித்தி ஆகியோரின் பிள்ளைகள் மூன்றாம்நிலையினர். இவர்களோடு எட்டில் ஒரு பங்கு. இந்த மூன்று நிலையினரையும் ஒரே படத்தில் காணும்போதுதான், ஒரு நோய் அக்குடும்பத்தில் தற்செயலாக வந்ததா, வழிவழியாக வருகிறதா என்று மருத்துவரால் ஊகிக்க இயலும்.

வயதும் உறுப்பும் இதில் மிக முதன்மையானவை. தந்தைக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ உடன்பிறந்த பெண்ணுக்கோ 65 வயதுக்கு முன்பும் இதயக்குழாய் நோய் வந்திருந்தால், அதனை இளவயது இதயநோய்க் குடும்பம் என மருத்துவர்கள் கருதுவர். “அப்பாவுக்கு மாரடைப்பு” என்பதோடு “52 வயதில்” என்பதும் சேர்ந்தால்தான் அச்செய்தி பயன்படும்.

தாய்வழி, தந்தைவழி இரண்டும் சமமாகப் பதியப்பட வேண்டும். மார்பகப் புற்றுநோய் பெண்களுக்கே மிகுதியாக வருவதால் அதனைத் தாய்வழிச் செய்தியாகவே பலர் எண்ணுகின்றனர். அந்நோய்க்கு ஏதுவான பிஆர்சிஏ மரபணு மாற்றங்கள் தந்தையிடமிருந்தும் மகளுக்கு வரலாம். தந்தையுடன் பிறந்த அத்தைமாரின் வரலாறு விடுபடும்போது இந்த வழி மறைந்துவிடுகிறது.

முதலில் ஒரு தாள்

கணினியைத் திறப்பதற்கு முன் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயரை நடுவில் எழுதி, மேலே பெற்றோர், அதற்கு மேலே இருவழித் தாத்தா பாட்டியர், பக்கத்தில் உடன்பிறந்தோர், கீழே பிள்ளைகள் என்று இடம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவர் பற்றியும் அறிய வேண்டியவை சிலவே: பெயர், ஆணா பெண்ணா, பிறந்த ஆண்டு, வந்த பெருநோய்கள், அவை கண்டறியப்பட்ட வயது, இறந்திருந்தால் இறந்த வயதும் காரணமும், பெற்றோரிடையே இரத்த உறவு இருந்ததா என்பது. அறியாத இடத்தை வெற்றிடமாக விடுங்கள். ஊகத்தால் நிரப்ப வேண்டாம்.

சிறுவயதில் இறந்த குழந்தைகளையும், கருச்சிதைவுகளையும், இறந்தே பிறந்த குழந்தைகளையும் பெரும்பாலான குடும்பங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. சில மரபுவழி நோய்கள் முதன்முதலில் தம்மைக் காட்டிக்கொள்வது அங்கேதான். இதைப் பற்றி மூத்த பெண்களிடம் கேட்கும்போது தனிமையில், பொறுமையோடு கேளுங்கள். “பாட்டி, உங்களுக்கு மொத்தம் எத்தனை பேறுகாலம்?” என்ற கேள்வி, “எத்தனை பிள்ளைகள்?” என்பதைவிட முழுமையான விடையைத் தரும். அவர் சொல்ல விரும்பாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மென்பொருள்

குடும்ப மரத்துக்கான மென்பொருள்கள் பல உள. தொடங்குவோர்க்கு நாங்கள் எடுத்துக்காட்டாகக் கொள்வது ‘கிராம்ப்ஸ்’. இது கட்டணமற்றது, தன்னார்வலர்களால் 20 ஆண்டுகளுக்கு மேலாக வளர்க்கப்பட்டுவரும் திறமூல மென்பொருள், விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்கும். உங்கள் செய்திகள் உங்கள் கணினியிலேயே தங்கும் என்பது நோய் வரலாற்றைப் பொறுத்தவரை இதன் பெரும் நன்மை. நிறுவியபின் இணைய இணைப்பு இல்லாமலும் பயன்படுத்தலாம். பெயர்களையும் குறிப்புகளையும் தமிழிலேயே எழுதலாம்.

வேறு மென்பொருளை ஏற்கெனவே பயன்படுத்துவோர் அதனையே தொடரலாம். ‘ஜெட்காம்’ எனப்படும் பொதுக் கோப்பு வடிவம் 1984 முதல் வழக்கில் உள்ளது. ஒரு மென்பொருளில் பதிந்ததை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல அது உதவும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் மென்பொருள் இவ்வடிவில் கோப்பை வெளியேற்றுமா, ஒவ்வொரு செய்திக்கும் சான்று குறிக்க இடம் தருமா என்ற இரண்டை மட்டும் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடக்கப் பணி

1. கிராம்ப்ஸைத் திறந்து, புதிய குடும்ப மரம் ஒன்றை உருவாக்கி, அதற்கு ஒரு பெயரிடுங்கள்.

2. முதல் நபராக நோயாளியைச் சேர்த்து, அவரையே ‘ஹோம் பர்சன்’ என்று அமைத்துக்கொள்ளுங்கள். உறவுமுறைகள் அனைத்தையும் மென்பொருள் அவரிலிருந்து கணக்கிட்டுக் காட்டும்.

3. அவருடைய பெற்றோரைச் சேர்த்து ஒரு குடும்பமாக இணையுங்கள். அக்குடும்பத்தின் கீழ் உடன்பிறந்தோரைச் சேருங்கள். பிள்ளை பெற்றெடுத்ததா, தத்து எடுத்ததா என்று குறிக்க மென்பொருளில் இடம் உண்டு. மரபுவழி நோயைக் கணிக்கும்போது இவ்வேறுபாடு இன்றியமையாதது.

4. ஒவ்வொருவருக்கும் பிறப்பு, இறப்பு ஆகியவற்றை ‘ஈவென்ட்’ எனும் நிகழ்வாகச் சேருங்கள். நோயைக் குறிக்க ‘மெடிக்கல் இன்ஃபர்மேஷன்’, இறப்புக் காரணத்தைக் குறிக்க ‘காஸ் ஆஃப் டெத்’ என்னும் நிகழ்வு வகைகள் ஆயத்தமாகவே உள்ளன. விவரிப்புக் கட்டத்தில், “பெருங்குடல் புற்றுநோய், 54 வயதில் கண்டறியப்பட்டது” என்று வயதோடு எழுதுங்கள்.

5. முதல் நாளில் நோயாளி, பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர்களுக்குச் சான்று குறித்து முடித்தபின் தாத்தா பாட்டியர் பக்கம் செல்லலாம். நூறு பெயர்களைச் சான்றின்றிச் சேர்ப்பதைவிடப் பத்துப் பெயர்களைச் சான்றோடு சேர்ப்பது மருத்துவருக்கு உதவும்.

6. பணி முடியும் ஒவ்வொரு நாளும் காப்புநகல் எடுத்து, தனி பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். காப்புநகல் எடுக்கும்போது படங்களையும் சேர்க்குமாறு தேர்ந்தெடுங்கள். இல்லையேல் சான்றுகளின் நகல்கள் விடுபட்டுவிடும்.

பெயரும் உறவுச் சொல்லும்

இம்மென்பொருள்கள் மேலைநாட்டுப் பெயர்முறையை மனத்திற்கொண்டு எழுந்தவை. அவை கேட்கும் குடும்பப்பெயர் நம்மிடையே பலருக்கு இல்லை. அந்த இடத்தில் தந்தையின் பெயரை எழுதி, அதன் வகையாகத் ‘தந்தைவழிப் பெயர்’ என்று பொருள்படும் ‘பேட்ரோனிமிக்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். தலைப்பெழுத்து மட்டும் எழுதினால் பின்னாளில் விரித்தறிய இயலாமல் போகும். வீட்டில் வழங்கும் பெயரையும், திருமணத்திற்குப்பின் மாறிய தலைப்பெழுத்தையும் மாற்றுப் பெயராகச் சேருங்கள். பழைய மருத்துவச் சீட்டுகள் எந்தப் பெயரில் இருக்குமென்று சொல்ல இயலாது.

தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். அதனால் ஒரே பெயருடைய இருவர், சிலவேளை மூவர், ஒரே மரத்தில் வருவர். மென்பொருள் ஒவ்வொருவருக்கும் தனி எண் ஒன்றைத் தருகிறது. தாளில் குறிப்பெடுக்கும்போது பெயருக்கு அருகில் அவ்வெண்ணையும் எழுதிவந்தால் ஒருவரது நோய் மற்றொருவர் கணக்கில் ஏறாது.

உறவுச் சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். பெரியப்பா மகனையும் பெரியம்மா மகனையும் நாம் ‘அண்ணன்’ என்றே அழைக்கிறோம். “அண்ணனுக்கு இளவயதில் மாரடைப்பு” என்று நோயாளி சொல்லும்போது, உடன்பிறந்த அண்ணன் எனில் மரபுப்பொருளில் பாதி பொதுவானது. பெரியப்பா மகன் எனில் எட்டில் ஒரு பங்கே பொதுவானது. ‘மாமா’ என்ற சொல் தாயுடன் பிறந்தவரையும் குறிக்கும். அத்தையின் கணவரையும், மாமனாரையும் குறிக்கும். பின்னிருவரிடம் நமக்கு இரத்த உறவு இல்லாமலும் இருக்கலாம். ஆகவே அழைக்கும் சொல்லை அப்படியே பதியாமல், “யாருக்குப் பிறந்தவர்?” என்று கேட்டு, உரிய பெற்றோரின்கீழ் சேருங்கள்.

உறவுக்குள் திருமணம் நிகழ்ந்த குடும்பங்களில் ஒரே நபர் இரண்டு வழிகளில் உறவினராவார். அக்காள் மகளை மணந்த ஒருவரின் பிள்ளைக்கு, தந்தையின் அக்காளும் தாயைப் பெற்ற பாட்டியும் ஒருவரே. அவரை அத்தையாக ஒருமுறையும் பாட்டியாக ஒருமுறையும் புதிதாகச் சேர்த்துவிடக் கூடாது. முன்பே பதிந்த நபரைத் தேர்ந்தெடுத்து இணைக்க வேண்டும். இருமுறை பதிந்தால், பெற்றோரிடையே இருக்கும் உறவு படத்தில் மறைந்துவிடும். பெற்றோர் இருவரும் ஒரே குறைபாட்டு மரபணுவைத் தாங்கியிருந்தால் மட்டுமே வெளிப்படும் தலசீமியா போன்ற நோய்களில் மருத்துவர் முதலில் தேடுவது அந்த உறவையே. இருவரும் தாங்கிகளாக இருந்தால் ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

சான்று என்றால் என்ன?

மரத்தில் எழுதும் ஒவ்வொரு செய்தியும் எங்கிருந்தோ வந்ததாகும். அம்மா சொன்னதாக இருக்கலாம். ஒரு சான்றிதழில் கண்டதாக இருக்கலாம். அந்த ‘எங்கிருந்து’ என்பதைப் பதிவதே சான்று குறித்தல். கிராம்ப்ஸ் இதனை மூன்று அடுக்காகப் பிரிக்கிறது.

முதலாவது ‘சோர்ஸ்’ எனும் மூலம். ஒரு சிகிச்சைக் கோப்பு, ஒரு ஜாதக நோட்டு, சித்தியுடன் நடத்திய ஓர் உரையாடல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு மூலம். இரண்டாவது ‘சைட்டேஷன்’ எனும் சான்றுக் குறிப்பு. அம்மூலத்தின் எந்தப் பக்கத்தில், எந்தத் தேதியிட்ட தாளில், எந்த வாசகத்தில் இச்செய்தி உள்ளது என்பது இதில் வரும். மூன்றாவது ‘ரெப்பாசிட்டரி’ எனும் காப்பிடம். மூலம் இப்போது எங்கே, யாரிடம் உள்ளது என்பதைக் குறிக்கும்: “பெரிய மாமா வீட்டு இரும்புப் பெட்டி”, “மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவு” என்பதுபோல.

சான்றுக் குறிப்பில் நம்பகத்தன்மையைக் குறிக்க மிகக் குறைவு, குறைவு, இயல்பு, அதிகம், மிக அதிகம் என ஐந்து படிகள் உள்ளன. கையால் எழுதுவோரும் இதைப் பின்பற்றலாம். நிகழ்வு நடந்தபோதே, நேரில் அறிந்த ஒருவரால் எழுதப்பட்டதற்கு உயர்ந்த படி. பல ஆண்டுகள் கழித்து, செவிவழியாகக் கேட்டவர் சொன்னதற்குத் தாழ்ந்த படி. தாழ்ந்த படியில் உள்ள செய்தியும் பதியத்தக்கதே. அது தாழ்ந்த படியினது என்பது தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்ப எடைபோடுவார்.

உரையாடலைப் பதியும்போது சொன்னவர் யார், அவருக்கும் நோயுற்றவருக்கும் என்ன உறவு, எந்த நாளில் சொன்னார், நேரில் கண்டாரா கேள்விப்பட்டாரா என்னும் நான்கையும் எழுதுங்கள். சொன்ன சொற்களை மாற்றாமல் எழுதுங்கள். தாள்களைப் பொறுத்தவரை கைப்பேசியால் தெளிவாகப் படமெடுத்துச் சான்றுக் குறிப்போடு இணையுங்கள்.

எதற்கு எது சான்று?

நம் வீடுகளில் கிடைக்கும் ஆவணங்கள் ஒவ்வொன்றும் ஒன்றுக்குச் சிறந்த சான்றாகவும் மற்றொன்றுக்கு வலுவற்ற சான்றாகவும் அமையும்.

பிறந்த ஆண்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் முதன்மையானது. மூத்த தலைமுறையினர் பலரிடம் அது இருக்காது. அவர்களுக்கு ஜாதகம் நல்ல சான்று. பிறந்த வேளையில் குறித்து அதன் அடிப்படையில் எழுதப்படுவது அது. பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி, அக்காலத்தில் பள்ளியில் சேர்ப்பதற்காகச் சேர்ப்போர் சொன்ன மதிப்பீடாக இருக்கலாம். இரண்டும் மாறுபட்டால் இரண்டையும் பதியுங்கள். தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் கிடைத்தால் எச்சரிக்கை தேவை. அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்பெயர் மீண்டும் வரும்: பிரபவ ஆண்டு 1927-28-ஆகவும் இருக்கலாம், 1987-88-ஆகவும் இருக்கலாம்.

ஆண்டு நினைவில்லாத முதியோரிடம் ஊரறிந்த நிகழ்வுகளோடு பொருத்திக் கேட்கலாம். “தனுஷ்கோடிப் புயலுக்கு முன்பா, பின்பா?” என்றால் அது 1964 டிசம்பர். “அண்ணா இறந்தபோது” என்றால் 1969 பிப்ரவரி. “எம்.ஜி.ஆர். இறந்தபோது” என்றால் 1987 டிசம்பர். இவ்வாறு கிடைத்த ஆண்டைத் ‘தோராயமாக’, ‘முன்பு’, ‘பின்பு’, ‘இடையில்’ என்று குறிக்க மென்பொருளில் வசதி உண்டு. துல்லியமான தேதி போலத் தோன்றுமாறு எழுதிவிட வேண்டாம்.

இறப்புக் காரணத்தைப் பொறுத்தவரை முதன்மையான செய்தி ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். பதிவாளர் வழங்கும் இறப்புச் சான்றிதழில் இறப்பின் காரணம் இராது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பதிவேட்டிலிருந்து வழங்கப்படும் சான்றில் காரணத்தை வெளியிடலாகாது. ஆகவே அச்சான்றிதழ் இறந்த தேதிக்கும் இடத்துக்கும் வலுவான சான்று, நோய்க்குச் சான்றாகாது. காரணம் எழுதப்படுவது மருத்துவர் அளிக்கும் இறப்புக் காரண மருத்துவச் சான்றில். மருத்துவமனையில் நிகழ்ந்த இறப்புக்குப் படிவம் 4, வெளியே நிகழ்ந்ததற்குப் படிவம் 4ஏ. 2023-இல் செய்யப்பட்டு அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, மருத்துவமனையில் ஒருவர் இறந்தால் அச்சான்றின் நகலை மிக நெருங்கிய உறவினருக்கும் கட்டணமின்றி வழங்க வேண்டும். துயரமான அவ்வேளையில் அத்தாளைக் கேட்டுப் பெற்று வைப்பது பின்வரும் தலைமுறைக்குப் பேருதவியாகும்.

நோய்க்குச் சிறந்த சான்றுகள் திசு ஆய்வறிக்கையாகிய பயாப்ஸி, அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, ‘டிஸ்சார்ஜ் சம்மரி’ எனப்படும் சிகிச்சைச் சுருக்கம் ஆகியவை. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள், உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும், நோயாளியோ அவரால் அனுமதிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் ஆவணங்களை அளிக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. அதற்குமேல் எத்தனை ஆண்டுகள் அவை இருக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். இப்போது சிகிச்சை பெறும் ஒருவரின் அறிக்கைகளை இப்போதே நகலெடுத்து மரத்தில் இணைத்துவிடுவது நன்று.

உறவு முறைக்குத் திருமணப் பத்திரிகைகளும், கருமாதிப் பத்திரிகைகளும், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழும், பழைய சொத்துப் பத்திரங்களும் உதவும். பத்திரங்களில் “இன்னார் குமாரர் இன்னார்” என்ற வாசகம் இரண்டு தலைமுறைகளை ஒரே வரியில் தருகிறது. வாரிசுச் சான்றிதழ் சட்டப்படியான வாரிசுகளை மட்டும் காட்டும். சிறுவயதில் இறந்த பிள்ளைகள் அதில் இரார்.

நோயின் பெயரை மாற்றி எழுத வேண்டாம்

வீட்டில் வழங்கும் நோய்ப்பெயர்கள் மருத்துவப் பெயர்கள் அல்ல. தூக்கத்தில் இறந்தவர் அனைவரையும் ‘மாரடைப்பு’ என்று சொல்லிவிடுகிறோம். ‘மஞ்சள் காமாலை’ என்பது ஓர் அறிகுறி. அதன் பின்னணியில் கிருமித்தொற்று, பித்தப்பைக் கல், கல்லீரல் நோய், கணையப் புற்றுநோய் ஆகியவற்றுள் எதுவும் இருந்திருக்கலாம். ‘கர்ப்பப்பையில் புற்று’ என்று சொல்லப்படுவது கருப்பைவாயிலோ கருப்பையிலோ சினைப்பையிலோ வந்ததாக இருக்கலாம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் வைரஸ் தொற்று காரணம். சினைப்பைப் புற்றுநோயில் மரபணுவின் பங்கு பெரிது. அதற்கு மகள்களுக்கும் பரிசோதனை தேவைப்படலாம். ஆகவே “கர்ப்பப்பையில் புற்று” என்று பாட்டியின் தங்கை சொன்னால், மேற்கோள் குறிக்குள் அதையே எழுதி, “உறுப்பு உறுதி செய்யப்படவில்லை” என்று சேருங்கள். எந்த மருத்துவமனையில் பார்த்தார்கள், கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தார்களா, வயிற்றில் நீர் கோத்திருந்ததா என்ற துணைச் செய்திகளையும் கேட்டு எழுதுங்கள். அவற்றைக் கொண்டு மருத்துவர் ஓரளவு ஊகிக்க இயலும்.

சான்றுகள் முரண்படும்போது

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 36 வயதுள்ள ஒருவரின் தந்தை பெருங்குடல் புற்றுநோயால் இறந்தவர் எனக் கொள்வோம். “அப்பாவுக்கு 45 வயதில் வந்தது” என்று தாய் சொல்கிறார். பெட்டியில் கிடைத்த பயாப்ஸி அறிக்கையில் வயது 54 என்றுள்ளது. அமெரிக்க வழிகாட்டு நெறிகள், 60 வயதுக்கு முன் இந்நோய் கண்ட ஒருவரின் முதல்நிலை உறவினர், 40 வயதிலோ நோய் கண்டறியப்பட்ட வயதுக்கு 10 ஆண்டுகள் முன்னதாகவோ, இவற்றுள் எது முந்தியதோ அப்போது பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையைத் தொடங்குமாறு கூறுகின்றன. தந்தையின் வயது 45 எனில் மகன் 35 வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். இப்போதே ஓராண்டு தாமதம். 54 எனில் 40 வயதில் தொடங்கலாம். இன்னும் நான்கு ஆண்டுகள் உள்ளன. 50 வயதுக்கு முன் வந்த நோய் எனில், லிஞ்ச் நோய்த்தொகுதி போன்ற மரபுவழிக் காரணத்தையும் மருத்துவர் கூடுதலாக ஆராய நேரும். ஒரே ஓர் எண்ணில் இத்தனை அடங்கியிருக்கிறது.

இத்தகைய நிலையில் ஒன்றை அழித்து மற்றொன்றை எழுதக் கூடாது. இரண்டையும் தனித்தனிச் சான்றுக் குறிப்புகளோடு வைத்து, அறிக்கைக்கு உயர்ந்த படியும் நினைவுக்கு இயல்பான படியும் கொடுங்கள். பிறகு காரணத்தைத் தேடுங்கள். ஒருவேளை அறிக்கையில் உள்ள வயது, சேர்க்கைச் சீட்டில் யாரோ தோராயமாகச் சொன்னதாக இருக்கலாம். அறிக்கையின் தேதியிலிருந்து ஜாதகப்படியான பிறந்த ஆண்டைக் கழித்துப் பார்த்தால் உண்மை வயது தெரிந்துவிடும். முதலில் ஒரு கட்டியை அகற்றி, பல ஆண்டுகள் கழித்து நோய் மீண்டதாகவும் இருக்கலாம். அப்போது தாய் சொன்னதும் அறிக்கை சொல்வதும் இரண்டுமே சரி. ஒன்றை அழித்துவிட்டால் இதனை அறியும் வழியே இல்லாமற்போகும்.

மறைவு காத்தல்

குடும்ப மரம் பலருடைய செய்தி. உயிரோடிருக்கும் உறவினரின் நோயை அவரைக் கேட்டே பதியுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள், யாரிடம் காட்டுவீர்கள் என்று சொல்லுங்கள். மனநோய், காசநோய், எச்.ஐ.வி., பிள்ளைப்பேறின்மை, தத்து ஆகியவை திருமணப் பேச்சுகளில் ஒருவருக்குத் தீங்காக முடியக்கூடும். கிராம்ப்ஸில் ஒவ்வொரு செய்திக்கும் பூட்டுக் குறி ஒன்று உண்டு. அதை இட்டுவிட்டு, கோப்பை வெளியேற்றும்போது தனிச்செய்திகளை விலக்குமாறு தேர்ந்தெடுத்தால் அவை வெளியே செல்லா. நோய்ச் செய்திகள் அடங்கிய கோப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இடுவதையும், இணையத்தில் ஏற்றுவதையும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். உறவினர்க்குப் பெயர்களும் ஆண்டுகளும் மட்டும் உள்ள படத்தை அளிக்கலாம்.

மருத்துவரிடம் கொண்டுவரும்போது

முழுக் கோப்பையும் அச்சிட்டுக் கொண்டுவர வேண்டியதில்லை. மூன்று தலைமுறைகள் அடங்கிய படம் ஒரு பக்கம், நோய்களின் பட்டியல் ஒரு பக்கம் போதும். பட்டியலில் உறவு, நோய், கண்டறியப்பட்ட வயது, சான்று, நம்பகத்தன்மை என ஐந்து கட்டங்கள் இருக்கட்டும். முதன்மையான அறிக்கைகளின் நகல்களைத் தனியே கொண்டுவாருங்கள்.

மருத்துவரோ மரபியல் ஆலோசகரோ அதனைத் தமக்குரிய குறியீடுகளில் மீண்டும் வரைந்துகொள்வர். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுற்றவர்க்கு உள்ளே நிழலிட்ட வடிவம், இறந்தவர்க்குக் குறுக்குக் கோடு, உறவுக்குள் மணந்தவரிடையே இரட்டைக் கோடு, ஆலோசனைக்கு வந்த நோயாளிக்கு அம்புக்குறி என்பன அவற்றுள் சில. அப்படத்தைப் பார்க்கக் கேளுங்கள். தவறான இடத்தில் ஒருவர் இருந்தால் உடனே சொல்லுங்கள்.

குடும்பத்தில் ஒரு நோய் இருப்பதால் அது தமக்கும் வந்தே தீரும் என்று எவரும் அஞ்ச வேண்டாம். குடும்பத்தில் எவருக்கும் இல்லை என்பதால் பரிசோதனைகளைத் தவிர்க்கவும் வேண்டாம். யாருக்கு, எப்போது, எந்தப் பரிசோதனை என்பதை முடிவு செய்ய மருத்துவருக்கு உதவும் கருவிகளுள் குடும்ப வரலாறு ஒன்று. அக்கருவி கூர்மையாக இருப்பது அதில் எழுதப்பட்ட வயதுகளும் உறுப்புகளும் சான்றுகளும் சரியாக இருப்பதைப் பொறுத்தது. ஆண்டுக்கு ஒருமுறை, உறவினர் ஒன்றுகூடும் பொங்கல் போன்ற நாளில் மரத்தைத் திறந்து, புதிய பிறப்புகளையும் இறப்புகளையும் புதிதாகக் கண்டறியப்பட்ட நோய்களையும் சேருங்கள்.

இவ்வாரம் செய்யத்தக்க முதற்பணி எளியது. வீட்டில் எல்லோரினும் மூத்தவர் யாரோ, அவரருகில் அரை மணி நேரம் அமர்ந்து, அவருடன் பிறந்தோர் அனைவரின் பெயரையும், ஒவ்வொருவரும் எவ்வயதில் எதனால் மறைந்தனர் என்பதையும் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, கீழே தேதியிடுங்கள். கணினியில் ஏற்றுவதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். அத்தாளை அடுத்த ஆலோசனைக்கு வரும்போது உடன் கொண்டுவந்தால், அதனைப் படித்து விளக்க நாங்கள் காத்திருக்கிறோம்.